ஃபோனா கணினியா என்று கேட்காதீர்கள், எவ்வளவு அகலம் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக இணையதளம் தொடங்குவோருக்கு யோசனை சொல்லி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலும் நல்ல யோசனைகள். ஆனால் நடுவில் ஒரு பத்தியைப் படித்தபோது மனம் கேட்கவில்லை. ஃபோனுக்கு ஒரு தளம், கணினிக்கு ஒரு தளம் என்று இரண்டாகக் கட்டிவிட்டு, வருகிறவர் கையில் இருப்பது எது என்று பார்த்து அந்தந்தப் பக்கம் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று அந்தப் பத்தி சொல்கிறது. 25 ஆண்டுகளாக இணையப் பக்கம் கட்டுவதுதான் என் பிழைப்பு. அந்த யோசனையைக் கேட்டுத் தளம் கட்டினால் யார் வெளியே நிற்க வேண்டிவரும் என்பதை என் அக்கா வீட்டிலேயே பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு வயது 67. விழித்திரையின் மையப்பகுதி கெட்டுவிட்ட நோய். ஓரப் பார்வை இருக்கிறது, நேர்ப் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற மனுஷி. மடிக்கணினியில் கன்ட்ரோல் விசையையும் பிளஸ் விசையையும் சேர்த்துத் தட்டித் தட்டி எழுத்தை 400 சதவீதத்துக்குக் கொண்டுபோய், திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, தலையைச் சற்றே சாய்த்து ஓரக்கண்ணால் படிப்பாள். செய்தி, கடிதம், வங்கி எல்லாம் இப்படித்தான்.

ஓய்வூதிய விவரங்களைப் புதுப்பிக்க ஓர் அலுவலகத்தின் தளத்தில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மூன்று நாள் முயன்றுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "எனக்குத்தான் தெரியலையா, இல்ல அங்க ஒண்ணுமே இல்லையா? நீயே வந்து பாரு" என்றாள். குரலில் கோபம் இல்லை. தன் கண் இன்னும் மோசமாகிவிட்டதோ என்ற பயம்தான் இருந்தது.

போய்ப் பார்த்தேன். மேலே ஒரு நீலப் பட்டை, அதை ஒட்டிக் கீழே ஒரு சாம்பல் பட்டை. படிவத்தைக் காணோம். ஸ்க்ரோல் செய்தால் பக்கவாட்டுப் பட்டியில் அந்தச் சிறு கட்டை மட்டும் நகர்கிறது, திரையில் எதுவும் மாறவில்லை. தொழில் புத்தி, உடனே பக்கத்தின் உள்ளே திறந்து அளந்து பார்த்தேன். அந்த மடிக்கணினியின் திரை 1366-க்கு 768. பிரவுசரின் சொந்தப் பட்டைகள் போகப் பக்கத்துக்கு மிஞ்சுவது உயரத்தில் சுமார் 640 பிக்சல். 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், பக்கத்தின் கணக்கில் அது நாலில் ஒரு பங்கு, அதாவது 160. லோகோவும் மெனுவும் தேடல் பெட்டியும் உட்கார்ந்திருந்த மேல் பட்டை 96 பிக்சல் உயரம், ஸ்க்ரோல் செய்தாலும் நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும்படி செய்யப்பட்டது. உதவி எண்ணும் குக்கீ அறிவிப்பும் இருந்த கீழ்ப் பட்டை 72 பிக்சல், அதுவும் ஒட்டி நிற்பது. இரண்டும் சேர்ந்தால் 168. இருக்கிற இடமே 160.

கோளாறு அக்காவின் கண்ணில் இல்லை. அங்கே உண்மையிலேயே ஒன்றும் இல்லை. படிவம் முழுவதும் இரண்டு பட்டைகளுக்கு அடியில் கிடந்தது.

அதைச் சொன்னதும் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது எனக்கு என் தொழில்மீதே ஆத்திரம் வந்தது. மூன்று நாள் ஒரு மனுஷியைத் தன் கண்ணையே சந்தேகிக்க வைத்திருக்கிறது, யாரோ யோசிக்காமல் எழுதிய இரண்டு வரி.

பெரிதாக்கலை 200 சதவீதத்துக்கு இறக்கினோம். படிவம் தலைகாட்டியது, பாதிதான். உள்ளே அதன் அகலம் 1180 பிக்சல் என்று நிலையாக எழுதியிருந்தார்கள். அந்த நிலையில் விண்டோவின் அகலம் பக்கத்தின் கணக்குப்படி 683 தான். சரி, வலப்பக்கம் நகர்த்திப் பார்க்கலாம் என்றால் பக்கவாட்டு ஸ்க்ரோலே இல்லை. அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று, மிஞ்சுவதை மறைத்துவிடு என்று கட்டளை கொடுத்து அடைத்துவைத்திருந்தார்கள். 'அடுத்து' என்ற பட்டன் வலது ஓரத்தில், அடைபட்ட பகுதிக்குள் இருந்தது. நான் டாப் (Tab) விசையைத் தட்டிக்கொண்டே போய் அந்தப் பட்டனை வெளியே இழுத்து வந்தேன். அது என் தொழில், எனக்குத் தெரியும். படிவம் நிரப்ப வருகிற எல்லோருக்கும் அது ஏன் தெரிந்திருக்க வேண்டும்?

அலுவலகத்தின் உதவி எண்ணுக்குப் பேசினோம். ஃபோனில் திறந்து பாருங்கள், அதற்கென்றே தனித் தளம் இருக்கிறது, நன்றாக வரும் என்று பொறுமையாகவே சொன்னார்கள். திறந்தோம். வரிசையாக, அழகாகத்தான் வந்தது. ஆனால் எழுத்து அக்காவுக்குப் போதாத அளவு. இரண்டு விரலால் விரித்தாள், விரியவில்லை. உள்ளே பார்த்தால், பயனர் பெரிதாக்கக் கூடாது, அதிகபட்ச அளவு ஒரு மடங்குதான் என்று எழுதியிருக்கிறது. வடிவமைப்பு குலைந்துவிடுமாம். ஆப்பிள் தன் ஃபோன்களில் 2016-ல் வந்த ஐஓஎஸ் 10 முதல் இந்தத் தடையை மதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அக்காவிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. அதில் குரோமின் அணுகல்தன்மை அமைப்புக்குள் போய், தளம் தடுத்தாலும் பெரிதாக்க விடு என்ற ஒரு பெட்டியை டிக் செய்தேன். அதற்குப் பிறகு எழுத்து பெரிதானது. ஆனால் ஃபோனில் விரலால் விரித்தால் வரிகள் மடங்கி மறுபடி அடுக்கப்படாது, பூதக்கண்ணாடி வைத்த மாதிரி அப்படியே வீங்கும். ஒரு வரியைப் படிக்க வலப்பக்கம் இரண்டு தள்ளு, அடுத்த வரிக்கு இடப்பக்கம் இரண்டு தள்ளு. நாலு வரியில் அவள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள்.

இப்போது உங்கள் கட்டுரையின் யோசனைக்கு வருகிறேன். அந்த அலுவலகம் செய்திருப்பது அதைத்தான். வருகிற பிரவுசர் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லும், யூசர் ஏஜென்ட் என்போம். நான் இன்ன பிரவுசர், இன்ன கருவியிலிருந்து வருகிறேன் என்று. அதைப் படித்து 'கணினி' என்று கண்டால் அகலமான தளம், 'ஃபோன்' என்று கண்டால் ஒடுக்கமான தளம். அக்காவின் மடிக்கணினி தன் பெயரைச் சரியாகத்தான் சொன்னது. ஆனால் 400 சதவீதப் பெரிதாக்கலில் அதன் விண்டோ, பக்கத்தின் கணக்கில் வெறும் 341 பிக்சல் அகலம். ஒரு ஃபோனின் அகலம்தான். ஒடுக்கமான பக்கம் அவளுக்குத்தான் தேவை, அது இருக்கவும் செய்தது, ஆனால் கருவியின் பெயரைக் கேட்டு அவளை வேறு வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெயர் சொல்வது நம்பத்தகுந்ததும் அல்ல. 2019-ல் ஐபேடுகளுக்கென்று தனி இயங்குதளம் வந்தபோது, அதன் பிரவுசரான சஃபாரி தன்னை மேக் கணினி என்றே சொல்லத் தொடங்கிவிட்டது. மடக்கு ஃபோனை விரித்தால் அகலம் கூடுகிறது, பெயர் அதேதான். பெரிய கணினித் திரையை வைத்திருப்பவரும் ஒரு பாதியில் பக்கம், மறு பாதியில் குறிப்பேடு என்று பிரித்து வேலை செய்வார். இவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒரே பக்கம், இருக்கிற இடத்துக்கு ஏற்ப மடங்கி விரியத் தெரிந்த பக்கம். இன்னொன்று, தளம் இரண்டானால் வேலையும் இரண்டு. ஒன்றில் திருத்திய விலாசம் இன்னொன்றில் பழையதாகவே கிடக்கும். ஃபோனிலிருந்து ஒருவர் அனுப்பிய இணைப்பைக் கணினியில் திறந்தால், அகன்ற திரையின் நடுவே ரிப்பன் மாதிரி ஒரு பக்கம் தொங்கும். நான் பராமரித்த இரட்டைத் தளங்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டும் நடந்தன.

வேடிக்கை பார்க்கிறவனாக இதைச் சொல்லவில்லை, நானும் அந்தத் தவற்றைச் செய்தவன். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் வெளியிட்ட முதல் இணையப் பக்கத்தில் அகலம் என்று எதுவும் குறிக்கப்படவில்லை. இன்றும் கணினியில் அதைத் திறந்து விண்டோவைக் குறுக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். வலையின் பிறவிக் குணம் அது. பிறகு அச்சுத் தொழிலின் பழக்கத்தோடு வந்த எங்களைப் போன்றவர்கள்தான் பக்கம் என்றால் அதற்கு ஓர் அளவு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம். பலரிடமும் 1024-க்கு 768 திரை இருந்த காலத்தில் 960 பிக்சல் அகலம் எங்களுக்கு வேதம் மாதிரி. அந்த எண் 2, 3, 4, 5, 6, 8, 10, 12 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும், பத்திகள் பிரிக்க வசதி. பக்கத்தின் அடியில் 'இத்தளத்தை 1024-க்கு 768 திரையில் காண்க' என்று நானே எழுதிவைத்திருக்கிறேன். படிக்க வந்தவரைப் பார்த்து, உன் திரையை மாற்றிக்கொண்டு வா என்று சொன்னதற்குச் சமம் அது. இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்போதே எச்சரித்தவர்கள் உண்டு. ஜான் ஆல்சாப் என்பவர் 2000-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில், அச்சுப் பக்கத்தின் மேல் நமக்கு இருக்கும் கட்டுப்பாடு உண்மையில் காகிதத்தின் குறைபாடு, வலைக்கு அந்தக் குறை இல்லை, அதை வரமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் எழுதினார். நாங்கள் காதில் வாங்கவில்லை. 2007-ல் ஐபோன் வந்தது. அதன் திரை 320 பிக்சல் அகலம், வலையில் இருந்த பக்கங்களோ எங்கள் 960-கள். வேறு வழியில்லாமல் அந்த ஃபோன் தன் அகலம் 980 பிக்சல் என்று பாவித்துக்கொண்டு பக்கத்தை வரைந்து, பிறகு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டியது. எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. நாங்கள் செய்த தவற்றைச் சமாளிக்க ஒரு கருவி பொய் சொல்ல வேண்டியிருந்தது. இன்றும் ஒரு பக்கத்தின் தலையில் 'அகலம் என்பது கருவியின் உண்மையான அகலம்' என்ற வியூபோர்ட் வரியை எழுதாவிட்டால் ஃபோன்கள் அந்தப் பழைய பாவனைக்கே திரும்பிவிடும். அந்த ஒரு வரி இல்லாமல் மற்ற எல்லாம் சரியாகச் செய்யப்பட்ட தளங்களை நான் பார்த்திருக்கிறேன்.

2010 மே மாதம் ஈதன் மார்காட் என்ற வடிவமைப்பாளர் எழுதிய கட்டுரைதான் என் கண்ணைத் திறந்தது. ரெஸ்பான்சிவ் என்ற சொல்லைக் கட்டடக்கலையிலிருந்து எடுத்து, இடத்துக்கு ஏற்ப மடங்கி விரியும் பக்கம் கட்டுகிற இந்த வேலைக்குப் பெயராக வைத்தவர் அவர். மூன்று பொருள்களைச் சேர்க்கச் சொன்னார். விகிதத்தில் அமைந்த கட்டம், இடத்துக்கு மிஞ்சாத படம், அகலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மீடியா குவெரி. விகிதக் கணக்கு மிக எளிது. 960 அகலப் பக்கத்தில் 300 பிக்சல் பக்கப் பத்தி இருந்தால், 300-ஐ 960-ஆல் வகுத்து 31.25 சதவீதம் என்று எழுது. அவ்வளவுதான். பக்கம் எந்த அகலத்துக்குப் போனாலும் பத்தி தன் பங்கோடு கூடவே போகும். படத்துக்கு, உன் பெட்டியைவிட அகலமாகப் போகாதே என்று ஒரு வரி. விண்டோ இன்ன அகலத்துக்கு மேல் இருந்தால் மட்டும் இதைச் செய் என்று நிபந்தனை வைக்க மீடியா குவெரி. இதை 2012 ஜூனில், வலைக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி அதிகாரபூர்வப் பரிந்துரையாக்கியது. 2017-க்குப் பிறகு கிரிட் என்ற வசதி முக்கிய பிரவுசர்களில் வந்துவிட்டதால், அந்த வகுத்தல் கணக்கைக்கூடப் பல இடங்களில் நாம் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டமும் குறைந்தது இவ்வளவு இருக்கட்டும், மீதி இடத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள் என்று சொன்னால் பிரவுசரே ஒரு வரிசையில் நாலு வைப்பதா, இரண்டு வைப்பதா, ஒன்று வைப்பதா என்று தீர்மானித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் இளைஞர்கள் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். எந்த அகலத்தில் வடிவம் மாற வேண்டும் என்பதை ஃபோன் மாடல்களின் பட்டியலை வைத்து எழுதுகிறார்கள். இன்ன ஃபோன் 375, இன்ன ஃபோன் 414, இன்ன டேப்லெட் 768 என்று. அடுத்த ஆண்டு புது மாடல் வந்தால் பட்டியல் பழசு. என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒடுக்கமான நிலையில் தொடங்கு. பிரவுசர் விண்டோவின் ஓரத்தைச் சுட்டெலியால் பிடித்து மெல்ல அகலமாக்கிக்கொண்டே வா. வரி படிக்க முடியாத நீளத்துக்குப் போகிறதா, பெட்டிகளுக்கு நடுவே காலி இடம் வாய் பிளக்கிறதா, அந்த இடத்தில் நிறுத்து. அதுதான் மாற வேண்டிய அகலம். அதை உன் பக்கத்தில் உள்ள சரக்குதான் சொல்லும், கடையில் விற்கிற ஃபோன் சொல்லாது. அந்த அகலத்தைப் பிக்சலில் எழுதாமல் எழுத்தின் அளவான எம்-இல் எழுதினால், பிரவுசரில் இயல்பு எழுத்தையே பெரிதாக வைத்திருப்பவருக்கும் பக்கம் சரியான நேரத்தில் மடங்கும்.

2023 பிப்ரவரிக்குப் பிறகு இன்னும் ஒரு படி மேலே போய்விட்டோம். கன்டெய்னர் குவெரி எல்லா முக்கிய பிரவுசர்களிலும் வந்துவிட்டது. ஒரு செய்திப் பெட்டி, விண்டோ எவ்வளவு அகலம் என்று கேட்காமல், தான் உட்கார்ந்திருக்கும் இடம் எவ்வளவு அகலம் என்று கேட்டுத் தன்னை மாற்றிக்கொள்ளலாம். அதே பெட்டி நடுப்பத்தியில் வைத்தால் படம் பக்கத்தில் நிற்கும், ஓரப்பத்தியில் வைத்தால் படம் மேலே ஏறிக்கொள்ளும். 15 ஆண்டு காத்திருந்த மாதிரி எனக்கு இருந்தது.

தமிழில் பக்கம் கட்டுவோருக்கு இது இன்னும் முக்கியம். நம் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்கு அளவெடுத்துச் செய்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் என்ன ஆகும்? உயரத்தை 40 பிக்சல் என்று பூட்டிவைத்த பெட்டியில் 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?' என்று எழுதினால், ஒடுக்கமான திரையில் இரண்டாவது வரி பெட்டிக்கு வெளியே வழியும், அல்லது பாதி வெட்டுப்பட்டு நிற்கும். உயரத்தைப் பூட்டாதீர்கள். குறைந்தபட்ச உயரம் கொடுத்து, உள்ளே சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டால் போதும், எழுத்து கேட்கிற அளவுக்குப் பெட்டி வளரும். வரி இடைவெளியும் அப்படித்தான். 'பு', 'ழு' போன்றவை கீழே இறங்கும், 'கி', 'தீ' போன்றவற்றின் கொக்கி மேலே ஏறும். ஆங்கிலத்துக்கு வைத்த நெருக்கமான இடைவெளியை அப்படியே விட்டால், மேல் வரியின் கால் கீழ் வரியின் தலையை இடிக்கும். அகலமான திரையில் ஒரே வரியாக ஓடிய தலைப்பு, ஒடுக்கத்தில் மூன்று வரியாக மடங்கும்போதுதான் இந்த இடிபாடு வெளியே தெரியும். அதனால்தான் பெரிய திரையில் மட்டும் பார்த்து ஒப்புதல் தருகிறவர்களிடம் நான் சண்டை போடுகிறேன். எவ்வளவு மடங்கினாலும் அடங்காத ஒற்றைச் சொல் வந்தால், மிஞ்சினால் சொல்லின் நடுவிலும் உடைக்கலாம் என்று அனுமதி கொடுக்க, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்-இல் வழி இருக்கிறது. பக்கமே பக்கவாட்டில் கிழிவதைவிட ஒரு சொல் உடைவது மேல்.

'இடம் இல்லை, அதனால் ஃபோனில் மறைத்துவிட்டோம்' என்பது இன்னொரு சமாதானம். தொடர்பு எண், கடைசித் தேதி, மேல்முறையீட்டுக்கான விவரம் போன்றவைதான் பெரும்பாலும் இப்படி மறைகின்றன. ஒடுக்கமான திரையில் வருகிறவருக்குக் குறைவாகத் தெரிந்தால் போதும் என்று யார் சொன்னது? அவருக்கும் அதே கடைசித் தேதிதானே? வரிசையை மாற்றுங்கள், மடித்து வையுங்கள், திறக்க ஒரு பொத்தான் கொடுங்கள். எடுத்துவிடாதீர்கள்.

இதெல்லாம் என் சொந்த விருப்பம் அல்ல. டபிள்யூ3சி 2018 ஜூனில் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1-இல், 1.4.10 என்ற எண்ணில் ரீஃப்ளோ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. மேலிருந்து கீழே படிக்கும் பக்கம் 320 பிக்சல் அகலத்திலும், எந்தத் தகவலும் எந்தச் செயலும் விடுபடாமல், பக்கவாட்டில் நகர்த்தத் தேவையின்றிப் படிக்க வர வேண்டும். 320 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1280 பிக்சல் அகல விண்டோவை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் கிடைப்பது 320. அக்கா உட்கார்ந்து படிக்கிற இடத்தை அளந்து வைத்த நிபந்தனை மாதிரிதான் எனக்கு அது படுகிறது. ரெஸ்பான்சிவ் என்றாலே ஃபோன் என்று நினைக்கிற தொழிலில், ஒடுக்கமான விண்டோவுக்குப் பின்னால் பெரிய எழுத்து தேவைப்படும் ஒருவர் இருக்கலாம் என்பதை எழுத்தில் வைத்தவர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

வரைபடம், பெரிய அட்டவணை போன்றவற்றுக்கு அந்த நிபந்தனையில் விலக்கு உண்டு, அது நியாயம்தான். எட்டு நெடுவரிசை கொண்ட அட்டவணையை 320-க்குள் நசுக்கினால் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பும். அட்டவணையை மட்டும் ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டிக்குள்ளேயே பக்கவாட்டில் நகரட்டும் என்று விட வேண்டும், சுற்றியுள்ள பத்திகள் அசையாமல் நிற்க வேண்டும். இதை எழுதும்போது உங்கள் நாளிதழின் இணையப் பக்கம் நினைவுக்கு வருகிறது. தலைப்புகளும் கட்டுரைகளும் எந்த அகலத்திலும் நன்றாக மடங்குகின்றன, படித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் தேர்வு முடிவு அட்டவணை வெளியான அன்று, அந்த ஓர் அட்டவணை முழுப் பக்கத்தையும் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேலே இருந்த செய்தியின் ஒவ்வொரு வரிக்கும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருந்தது. அட்டவணையைச் சுற்றி ஒரு பெட்டி போட்டால் தீர்ந்துவிடும் விஷயம் அது. உங்கள் தொழில்நுட்பக் குழுவினரிடம் சொல்லுங்கள். அப்படியே 400 சதவீதத்தில் ஒரு முறை திறந்து, மேலே ஒட்டி நிற்கும் பட்டை எவ்வளவு இடத்தை விழுங்குகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உயரம் குறைந்தால் பட்டை ஒட்டாமல் பக்கத்தோடு மேலே போய்விட வேண்டும் என்று நிபந்தனை வைப்பதற்கு அகலத்தைக் கேட்கிற அதே மீடியா குவெரிதான். அதற்கு உயரத்தைக் கேட்கவும் தெரியும்.

அந்த ஓய்வூதிய அலுவலகத்துக்கு நான் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். குறை சொல்லி அல்ல. 96, 72, 160 என்று மூன்று எண்களையும் எழுதி, அக்காவின் திரையைப் படமெடுத்து இணைத்து, மாற்ற வேண்டிய வரிகளையும் எழுதி அனுப்பினேன். மொத்தம் 11 வரி. நிலையான 1180-க்குப் பதில் அதிகபட்சம் 1180, உயரம் குறைந்தால் ஒட்டாத பட்டைகள், மறைக்கும் கட்டளை நீக்கம், ஃபோன் தளத்தில் பெரிதாக்கலுக்கு இருந்த தடை நீக்கம். இரண்டு வாரம் கழித்து ஒரு இளைஞர் பதில் எழுதினார். 400 சதவீதத்தில் தாங்கள் திறந்து பார்த்ததே இல்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. பட்டைகள் இப்போது ஒட்டுவதில்லை. ஃபோனில் விரலால் விரிக்க முடிகிறது. படிவத்தின் அகலத்தை மட்டும் இன்னும் மாற்றவில்லை, அடுத்த பதிப்பில் என்கிறார்கள்.

அக்கா இந்த முறையும் 'அடுத்து' பட்டனுக்கு டாப் விசையைத்தான் நம்பியிருக்கிறாள். எத்தனை முறை தட்ட வேண்டும் என்று எண்ணிப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி மடிக்கணினியின் மூடியில் ஒட்டிவைத்திருக்கிறாள். 23 முறை. அந்தத் தாளை எடுத்துவிடலாம் என்று அவளிடம் சொல்லும் நாளுக்காக மாதம் ஒரு முறை அந்த இளைஞருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரட்டைத் தளம் வைக்கச் சொன்ன பத்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இணையப் பக்க வடிவமைப்பாளரான உங்கள் வாசகர் ஒருவர்